மூட்டைப் பக்கத் தட்டு

எடைக்காரரின் குடும்பத்துக்கு ஊரார் வைத்திருந்த பெயர் கட்டைவிரல். அவர் பிறந்தபோது அந்தப் பெயர் கிடையாது. அவருடைய பத்தாவது வயதில் ஒரு நாவல் அச்சாகி வந்தது. பெயரும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டது. அறுபது வருஷமாகியும் எழுந்து போகவில்லை.

நாவலில் ஒரு தானியக் கிடங்கு. ஊரில் விளைவதை எடை போட்டு வாங்குகிற கிடங்கு. அங்கே ஓர் எடைக் குமாஸ்தா. மாறுகண், காதில் செருகிய பென்சில், கேட்டதற்கு மட்டும் பதில். ஒரு விதவை வருஷம் முழுக்கப் பாடுபட்டு அறுத்த தானியத்தை மூட்டை கட்டி விற்க வருகிறாள். குமாஸ்தா மூட்டையைத் தராசில் ஏற்றுகிறான். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, மூட்டை உட்கார்ந்திருக்கும் தட்டைக் கால் கட்டைவிரலால் அமுக்குகிறான். விதவைக்கு எடை குறைந்துபோகிறது. பிள்ளைகள் பட்டினி. அந்த இடத்தில் அழாதவன் மனிதனே இல்லை என்று படித்தவர்கள் சொன்னார்கள். வாத்தியார்கள் வகுப்பில் வாசித்துக் காட்டினார்கள். பிறகு பாடமாகவே வைத்துவிட்டார்கள்.

மாறுகண்ணும் காதுப் பென்சிலுமாக ஊரில் ஒரே ஓர் எடைக் குமாஸ்தாதான் இருந்தார். எடைக்காரரின் அப்பா. எழுதியவர் கிடங்கு முதலாளியின் அக்காள் மகன். லீவுக்கு லீவு மாமா வீட்டுக்கு வந்து, அடுக்கிய மூட்டைகளின் உச்சியில் ஏறி உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தவர். பிறகு என்ன, ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வகுப்புப் பையன்கள் வரிசையாக வந்து எடைக்காரரின் காலை மிதித்துவிட்டுப் போனார்கள். உங்கப்பன் விரல் எத்தனை கிலோடா என்று கேட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் இருந்த உறவு அறுந்தது.

பதினாலு வயதில் அதே கிடங்குக்கு மூட்டை தூக்கப் போனார். ஒரு தட்டில் எடைக்கல், ஒரு தட்டில் மூட்டை. முதல் வாரமே, கால் தவறி மூட்டைப் பக்கத் தட்டை மிதித்துவிட்டார். மூட்டை கீழே இறங்கியது. கல் மேலே போனது. சரிக்கட்ட இன்னும் ஒரு கல் வைக்க வேண்டியதாயிற்று. அவர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். மூட்டைப் பக்கம் அமுக்கினால் மூட்டைக்கு எடை ஏறுகிறது. விற்க வந்தவளுக்கு லாபம், வாங்குகிற முதலாளிக்கு நஷ்டம். புத்தகத்தில் எழுதியிருக்கிறபடி அமுக்கினால் விதவை வீட்டில் அன்றைக்கு இரண்டு வேளை அடுப்பு எரிந்திருக்கும்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அப்பாவிடம் கேட்டார். பதிலாக ஓர் அறை விழுந்தது.

"வாயை மூடு. இது முதலாளி காதுல விழுந்தா அப்புறம் நம்ம வீட்டு அடுப்பு எரியாது."

கன்னம் எரிந்தது, விஷயம் விளங்கியது. அப்பா அமுக்கியது நிஜம். இல்லாதவர்கள் மூட்டையோடு வந்து நின்றபோதெல்லாம் அமுக்கியிருக்கிறார். நான் திருடவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தால், யாரிடம் திருடினேன் என்றும் சொல்ல வேண்டி வரும். அதனால் மூடிக்கொண்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், புத்தகம் வந்த பிறகு முதலாளிக்கு அவர்மேல் பிரியம் கூடிப்போயிற்று. நமக்காகத் திருடுகிறவன் என்று நினைத்துக்கொண்டார். அப்பா அந்தப் பிரியத்தையும் ஊரின் வசவையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு போய்ச் சேர்ந்தார். பாடை போகிற வழியில்கூட எவனோ ஒருவன், கால் விரலைக் கட்டியாச்சா என்று கேட்டான். கேட்டவன் குரல் எடைக்காரருக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

ஒரே ஒரு தடவை தன் மைத்துனரிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். திருடன் மகன் வேறென்ன சொல்வான் என்று மைத்துனர் சிரித்தார். அதற்குப் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. யாரையும் நம்பியதும் இல்லை. எடை தெரிந்தவன் அந்தப் புத்தகத்தைப் படிப்பதில்லை, படிக்கிறவனுக்கு எடை தெரிவதில்லை. அந்தச் சந்துக்குள் புகுந்துகொண்டு தவறு அறுபது வருஷம் சௌக்கியமாக இருந்தது. எழுதியவரோ விருது மேல் விருதாக வாங்கி, எண்பத்தைந்து வயதில் பெரிய வீட்டில் கௌரவமாக உட்கார்ந்திருந்தார்.

எடைக்காரர் பின்னாளில் லாரி எடைமேடைக்கு மாறினார். ஓய்வு பெற்ற பிறகும் ஆள் வராத நாட்களில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்படி அவர் கேபினில் உட்கார்ந்திருந்த ஒரு காலையில், ஒரு டைரக்டரும் அவருடைய உதவி டைரக்டர் பெண்ணும் வந்தார்கள். பழைய நாவல் ஒன்றை இந்தக் காலத்துக் கதையாக மாற்றிப் படம் எடுக்கப்போகிறார்களாம். எடைமேடை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டுமாம். எந்த நாவல் என்று அவர் கேட்டார். டைரக்டர் சொன்னது அதே நாவலின் பெயரை.

எடைக்காரர் எழுந்து கேபின் கதவைச் சாத்திவிட்டு, அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். அந்தக் கேபினில் அவர் யாருக்கும் நாற்காலி போட்டதாகச் சரித்திரம் இல்லை.

டைரக்டர் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனார். கிடங்கு இப்போது பெரிய தொழிற்சாலை ஆகிவிட்டது. தராசு, எடைமேடை ஆகிவிட்டது. விதவை அழுதுகொண்டு நிற்கிறவள் இல்லை, தன் லாரியைத் தானே ஓட்டி வருகிறாள். குமாஸ்தாவின் மாறுகண்ணுக்குப் பதில் கறுப்புக் கண்ணாடி. எல்லாவற்றையும் மாற்றியாயிற்று, ஒன்றைத் தவிர. மூட்டைப் பக்கத்தை அமுக்குகிற அந்தக் காட்சி இல்லாவிட்டால் படித்தவர்கள் செருப்பால் அடிப்பார்கள். அதனால் படத்தில் குமாஸ்தா, லாரி மேடையில் நிற்கும்போது பின்பக்கமாகப் பதுங்கிப் போய் மேடைமேல் ஏறி நிற்கிறான். எடை குறைந்துவிடுகிறது. இது சரியாக வருமா என்று கேட்டார்.

எடைக்காரர் அதை மனதுக்குள் எடை போட்டார். எடைமேடையில் ஒரு லாரியை இரண்டு தடவை எடை போடுவார்கள். சரக்கோடு ஒரு தடவை, இறக்கிய பிறகு காலியாக ஒரு தடவை. முதல் எடையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் சரக்கின் எடை. காலி லாரியோடு ஒருவன் ஏறி நின்றால் சரக்கு குறையும். அது உண்மையான திருட்டு, அவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். சரக்கு லாரியோடு ஏறி நின்றால் சரக்கு கூடும். அந்தப் பெண்ணுக்குத்தான் லாபம். டைரக்டர் பழைய தவறை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு, அது என்னவென்றே தெரியாமல், அவர் வாசலுக்கு வந்து நிற்கிறார்.

உதவி டைரக்டர் பெண் கொஞ்சம் விவரமானவள். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஐயா, லாரி சரக்கோட இருக்கும்போது ஏறி நிக்கணுமா, காலியா இருக்கும்போதா?"

ஒரு வார்த்தை போதும். காலியாக இருக்கும்போது என்று சொல்லிவிட்டால் காட்சி கச்சிதமாகிவிடும். கூடவே அப்பாவும் கச்சிதமான திருடனாகிவிடுவார். ஆனால் இது புத்தகம் இல்லை, சினிமா. லாரிக்காரன் புத்தகம் படிக்க மாட்டான்; சினிமா பார்க்காமல் இருக்க மாட்டான். எடை தெரிந்த அத்தனை பேர் கண்முன்னாலும் இந்தத் தவறு முப்பதடி உயரத்துக்கு எழுந்து நிற்கப்போகிறது. பழம் நழுவிப் பாலில் விழுகிறபோது கை நீட்டித் தடுக்கிறவன் மடையன்.

"சரக்கோடதாம்மா," என்றார். "காலி லாரில என்ன இருக்கு பார்க்க. அப்புறம் தம்பி, ஒரு ஆள் ஏறினா திரையில தெரியாது. நாலு பேரை ஏத்துங்க. நல்லா தடிமாடு மாதிரி."

டைரக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அனுபவம் அனுபவம்தான் ஐயா என்றார். எடைக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். அன்றைக்கு அவர் வீட்டுக்கு நடந்து போனபோது முழங்கால் வலி இல்லை.

படம் வருவதற்கு ஒரு வருஷம் ஆயிற்று. பழி வாங்குகிறவனுக்குப் பொறுமை ஒரு பாரமே இல்லை. வெளியான அன்று பகல் காட்சிக்குப் போனார். படத்தில் ஓடியதெல்லாம் அந்த ஊர் லாரிகள் என்பதால் தியேட்டரில் பாதிக்கு மேல் டிரைவர்களும் சுமைக்காரர்களும்தான். முதல் பாதி நன்றாகவே போயிற்று. அந்தப் பெண் லாரியைத் திருப்பிய திருப்பத்துக்கு விசிலடித்தார்கள். எடைக்காரருக்குக் கவலை வந்துவிட்டது. படம் பிழைத்துவிடுமோ?

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. சரக்கு லாரி மேடையில் நிற்கிறது. கறுப்புக் கண்ணாடிக் குமாஸ்தா சைகை காட்டுகிறான். நாலு தடியர்கள் பூனைபோல் வந்து மேடைமேல் ஏறுகிறார்கள். வயலின் அழுகிறது. திரையில் எடை எண்கள் கடகடவென்று இறங்குகின்றன.

முன்வரிசையில் ஒரு டிரைவர் பக்கத்தில் இருந்தவனிடம் சந்தேகம் கேட்பதுபோல நிதானமாகச் சொன்னார்:

"ஏன்டா, நாலு பேர் ஏறினா எடை எப்படிடா இறங்கும்? காத்தடைச்ச பயலுவளா?"

அவ்வளவுதான். ஒரு மூலையில் பிடித்த தீ கூரை முழுக்கப் பரவியது. திரையில் அந்தப் பெண் கதறக் கதற, கீழே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்கா அழாதே, உனக்குத்தான் லாபம் என்று ஒருவன் ஆறுதல் சொன்னான். எடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. இருட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சிரிப்பையும் தனித்தனியாக வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

அந்தத் துண்டுக் காட்சி கைபேசிக்குக் கைபேசி ஓடியது. படம் ஒரு வாரத்தில் சுருண்டது. பழைய நாவலை இந்தக் காலத்துக்கு இழுத்தால் இப்படித்தான் என்று பேப்பரில் எழுதினார்கள். காவியத்தில் கை வைக்காதே என்றார் ஒருவர். நாவலே கிழடு, எடுத்தது தப்பு என்றார் இன்னொருவர். எடைக்காரர் மருமகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். மாற்றியதெல்லாம் நின்றது, மாற்றாமல் விட்ட ஒன்றில்தான் படம் விழுந்தது என்று ஒரு பயலுக்கும் எழுதத் தெரியவில்லை. கடைசியில் டைரக்டரே வாயைத் திறந்தார். நான் ஒன்றும் கற்பனை செய்யவில்லை, நாவலில் இருப்பதைத்தான் எடுத்தேன், எடுத்துப் பாருங்கள் என்றார். எடுத்துப் பார்த்தார்கள். இப்போது சிரிப்பு நேராகப் பெரிய வீட்டு வாசலுக்குப் போயிற்று. எடைக்காரர் அன்றைக்கு மத்தியானம் இரண்டு தரம் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டார்.

அந்த மகிழ்ச்சி பத்து நாள் நீடித்தது. பதினோராம் நாள் டீக்கடையில் ஒருவன், திருடத் தெரியாத திருடன் என்று அப்பாவைச் சொன்னான். போகட்டும், முட்டாள் பட்டம் திருடன் பட்டத்தைவிட மேல் என்று பொறுத்துக்கொண்டார். மறுநாள் மருமகள் பேப்பரை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மாமா, அவரு பேட்டி குடுத்திருக்காரு. சின்ன வயசுல எழுதினதால தட்டு மாறிப்போச்சாம். அடுத்த பதிப்புல கல் இருக்கிற தட்டை அமுக்கினான்னு திருத்திடறாராம்."

எடைக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். கல் பக்கம் அமுக்கினால் கணக்கு நேராகிவிடும். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்ட கதையாக, அவருடைய பழியே அப்பாவின் கழுத்துக்குக் கயிறு திரித்துக் கொடுத்துவிட்டது. அந்தத் தவறான வரி ஒன்றுதான் அப்பாவுக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சாட்சி. அதையும் அடித்துவிட்டால் இனி எத்தனை தலைமுறையானாலும் அவர் சரியாகத் திருடிய திருடன்.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பெரிய வீட்டில் எழுத்தாளரின் மகள் கதவைத் திறந்தாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, யாரையும் பார்ப்பதில்லை என்றாள். கட்டைவிரலின் மகன் வந்திருக்கிறேன் என்று சொல்லச் சொன்னார். அறுபது வருஷத்தில் அந்தப் பெயரை அவர் தன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. உள்ளேயிருந்து, வரச்சொல்லு என்று குரல் வந்தது.

எழுத்தாளர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் அச்சுக்குப் போக வேண்டிய தாள்கள், கையில் சிவப்புப் பேனா. உட்காரச் சொன்னார். எடைக்காரர் உட்காரவில்லை. சண்டைக்கு வரவில்லை, ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும் என்றார். மூட்டை அடுக்கின் மேலே உட்கார்ந்து பார்த்தீர்களே, கல் தட்டு எந்தப் பக்கம் தொங்கியது?

எழுத்தாளருக்கு ஞாபகம் கூர்மையாகவே இருந்தது. சுவரோரம் என்றார்.

அந்தத் தட்டுக்கும் அப்பா நின்ற இடத்துக்கும் நடுவில்?

கல் அடுக்கி வைத்திருந்த மரப்பெட்டி.

அந்தப் பெட்டியைத் தாண்டி ஒரு மனிதன் காலை நீட்டி அந்தத் தட்டைத் தொட முடியுமா என்று கேட்டார் எடைக்காரர். சிவப்புப் பேனா மடியில் கிடந்தது.

"நீங்க பார்த்தது எந்தத் தட்டு? எழுதினதைக் கேட்கல. கண்ணால பார்த்ததைக் கேட்கிறேன்."

"மூட்டைத் தட்டுதான்," என்றார் எழுத்தாளர். "நகம் வெடிச்ச விரல். நல்லா பார்த்தேன்."

மகள்தான் முதலில் புரிந்துகொண்டாள். அவள் கை வாய்க்குப் போயிற்று. பிறகு எழுத்தாளருக்கும் புரிந்தது. அப்படியென்றால் உங்கப்பா எங்க மாமாவை, என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"ஆமா. திருடினார். உங்க மாமாகிட்ட திருடினார். திருடன் திருடன்னு அறுபது வருஷம் கத்தினீங்க. யார்கிட்டன்னு ஒருத்தனும் கேட்கல."

எழுத்தாளரின் கண் கலங்கியது. எடைக்காரர் அதைப் பார்த்து இளகவில்லை. இந்தக் கண்ணீரைத்தானே அறுபது வருஷமாக விற்றுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தார். எழுத்தாளர், நான் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், முன்னுரையாக, இல்லை தனி அத்தியாயமாகவே எழுதுகிறேன், உங்கள் அப்பா தெய்வம் என்றார்.

"வேண்டாம். நேத்து பிசாசு, இன்னைக்கு தெய்வமா? உங்க கை பட்டா அது இன்னொரு கதை ஆயிடும். ஒண்ணும் எழுத வேண்டாம். இருக்கிற வரியைத் தொடாதீங்க, அது போதும்."

"அப்படியே விட்டா படிச்சவன் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பானேப்பா. நான் செத்த பிறகும் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். நான் அஞ்சாம் வகுப்புல கேட்ட சிரிப்புதான். உங்களுக்கு இந்த வயசுல புதுசா இருக்கும்."

மகள் ஏதோ சொல்ல வந்தாள். எழுத்தாளர் கையை உயர்த்தி அவளைத் தடுத்தார். தாள்களைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்தார். மூட்டை என்ற வார்த்தையைச் சிவப்பால் அடித்து, மேலே கல் என்று எழுதியிருந்தார். அந்தக் கல்லை இப்போது அடித்தார். மூட்டை என்று மறுபடி எழுத அவருக்கு நேரம் பிடித்தது. எடைக்காரர் உதவிக்குக் குனியவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. எழுத்தாளர் எழுதி முடித்த பிறகு, இப்போதே பதிப்பகத்துக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள் என்று மகளிடம் சொன்னார். அவள் பேசி முடிக்கும்வரை கதவருகே நின்று கேட்டுவிட்டு, கொண்டுவந்து வைத்த தண்ணீரைத் தொடாமல் இறங்கி நடந்தார்.

எழுதிக் கொடுத்தவன் பேச்சையே நம்பாதவர், போனில் சொன்னதையா நம்புவார். புதுப் பதிப்பு வந்த அன்று புத்தகக் கடைக்குப் போனார். வாழ்நாளில் அப்படி ஒரு கடைக்குள் அவர் கால் வைத்ததில்லை. கடைப் பெண்ணிடம் சொல்லிப் பக்கத்தைத் தேடி எடுக்க வைத்தார். விரலை வரியின் அடியில் வைத்து, எழுத்துக் கூட்டி, நின்றபடியே படித்தார். மூட்டை. இன்னொரு தடவை படித்தார். மூட்டைதான்.

வேண்டுமா ஐயா, பில் போடட்டுமா என்று கேட்டாள் அந்தப் பெண்.

"எதுக்கும்மா," என்றார். "தப்புத் தப்பா எழுதி வெச்சிருக்கான்."

புத்தகத்தை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தார்.